வ.வே.

எங்கள் ஊருக்கு விரிப்பான் வருகிறது என்றதும் முதலில் கைதட்டியவள் நான்தான். எனக்கு நல்லா வேணும்.

ஊர் என்றால் நான் பிறந்த அம்பாசமுத்திரம் இல்லை. சனி கிரகத்தைச் சுற்றிவரும் டைட்டன் என்ற நிலாவில், கம்பெனி கட்டிய பெரிய கூட்டுக்குள் இருக்கிற புதுக்குடி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் இங்கே வரக் கிளம்பியபோது, "இங்க புடிச்சிருக்க சனி பத்தாதுன்னு அங்கயே போறாளாம்" என்று எங்கள் தெருவே சிரித்தது. வெளியே எந்நேரமும் மஞ்சள் மூட்டம். கூட்டை விட்டுக் காலை வெளியே வைத்தால் விறைத்துப் போவோம். ஆனாலும் மனுஷன் பழகிவிடுகிறான். இப்போது என்னை அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பிப் போ என்றால் நான் போக மாட்டேன். அங்கே வெயில் அதிகம்.

விரிப்பான் என்னவென்று சொல்வதற்கு முன்னால் ஆறெழுத்துக் காலத்தைச் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் இங்கிருந்து பூமிக்குச் செய்தி அனுப்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு குடும்பத்துக்கு மாதம் போக ஆறு எழுத்து, வர ஆறு எழுத்து, அவ்வளவுதான். "முருகனுக்கே ஆறெழுத்து போதும், உங்களுக்குப் போதாதா" என்று கம்பெனி மேனேஜர் கேலி பேசுவார். குறில், நெடில், மெய் எல்லாம் ஒரே கணக்கு. வணக்கம் என்று சொன்னாலே ஐந்து போய்விடும். மிச்சம் இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? புள்ளியும் கேள்விக்குறியும் மட்டும் இலவசம். அதனால் முதலெழுத்தையும் புள்ளியையும் வைத்துத்தான் எல்லோரும் குடும்பம் நடத்தினோம். ந.ந. என்றால் நலம், நலமறிய ஆவல். சா. என்றால் சாப்பிட்டேன். ப.வ. என்றால் பத்திரமாக வந்தேன். ஆனால் மேலத்தெரு குருசாமி மட்டும் பல்வலிக்கு ப.வ. போட்டுவிட்டார். அவர் இங்கே பல்லைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் அழ, "மனுசன் பத்திரமா வந்துக்கிட்டே இருக்காரு, எங்க இருந்துதான் வாராரோ" என்று ஊரில் அவர் பெண்சாதி தலையில் கையை வைத்துக்கொண்டாளாம்.

அந்த ஆறு எழுத்து வருகிற நாளுக்காக மாதம் முழுக்கக் காத்திருப்போம். வந்த எழுத்தை அடுத்த மாதம் முழுக்க மென்றுகொண்டிருப்போம். இப்போது என் மகன் மெட்ராஸிலிருந்து முகம் காட்டி ஒரு மணி நேரம் பேசி அனுப்புகிறான். பார்த்து முடித்த பிறகு யோசித்தால் அவன் என்ன சொன்னான் என்று ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

என் பெயர் ஆவுடையம்மாள். எங்கள் வீட்டுக்காரர் கோமதிநாயகம் இங்கே பனிக்கட்டி அறுக்கிற மெஷினில் வேலை பார்த்தார். கல்யாணமான சூட்டோடு வந்துவிட்டார். நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். மதினி நல்லவள்தான். ஆனாலும் எத்தனை நாளைக்கு இன்னொருத்தி அடுப்படியில் நிற்பது? அப்போதுதான் அடுத்த கப்பலில் பெண்களும் போகலாம் என்று கம்பெனி அறிவித்தது. நான் உடனே என் ஆறு எழுத்தையும் செலவழித்தேன்.

ந.ந. நா.வ.? சொ. ஆ.

நலம், நலமறிய ஆவல். நான் வரவா? சொல்லுங்க. ஆவுடை. அடுத்த மாதம் அவரிடமிருந்து பதில் வந்தது.

ந.ந. வ.வே. மு. கோ.

பள்ளிக்கூட வாத்தியாரான என் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். "வர வேண்டாம்னு எழுதியிருக்காரு. பேசாம வீட்ல கெட" என்றான்.

"வே.ன்னா வேணும்ணே" என்றேன்.

"வேண்டாமுக்கும் வே.தான்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வேண்டாம்னு சொல்லுததுக்கு யாராச்சும் ரெண்டு எழுத்தைச் செலவழிப்பாகளா? பதிலே போடாம இருந்தா வேண்டாம்னுதானே அர்த்தம்" என்றேன். அதோடு இன்னொரு அத்தாட்சியும் என்னிடம் இருந்தது. வர வேண்டாம் என்கிறவன் பக்கத்திலேயே ஒரு மு. போடுவானா? மு. என்றால் முத்தம். அதை அண்ணனிடம் எப்படி விளக்குவது? மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற மாதம் சந்தோஷம் தாங்காமல் "பு. பு. பு." என்று அனுப்பினேன். புறப்பட்டேன், புறப்பட்டேன், புறப்பட்டேன். எட்டு மாதப் பயணம். வந்து இறங்கியபோது கதவுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் ஒரு தள்ளுவண்டியோடு நின்றார். நம் பெட்டியைத் தூக்க வண்டி கொண்டுவந்திருக்கிறாரே என்று உருகிப்போனேன். "கூப்பிட்டீகள்லா, வந்துட்டேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வேப்பம்பூ கொண்டாந்தியா?"

பாவம், மனுஷனுக்குப் பொண்டாட்டியைப் பார்த்த பதற்றத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துச் சிரித்தேன். மதினி கட்டிக் கொடுத்த பொட்டலம் ஒன்று இருந்தது. அன்றைக்கே ரசம் வைத்தேன். மூன்று டம்ளர் குடித்தார்.

அன்றிலிருந்து இந்தக் கதையைப் புதிதாக வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருக்கிறேன். "நீங்கள்லாம் கம்பெனி கூப்பிட்டு வந்தவளுக. என்னைய மட்டுந்தான் கட்டுனவரு எழுத்துப் போட்டுக் கூப்பிட்டாரு" என்பேன். நான் சொல்லும்போதெல்லாம் அவர் எழுந்து போய்விடுவார். கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

குடியேற்ற நாளின் ஐம்பதாவது வருஷத்துக்குக் கம்பெனி கொடுத்த பரிசுதான் விரிப்பான். பழைய ஆறெழுத்துச் செய்திகளை அது முழு வாக்கியமாக விரித்துச் சொல்லும், அதுவும் அனுப்பினவரின் இளவயதுக் குரலில். குடியேற்ற நாளன்று மண்டபத்தில் எல்லோருடையதையும் ஒலிபரப்புவார்கள். பிறகு அதுதான் ஊரின் பதிவு. பழைய ஆறெழுத்தை அழித்துவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டவள் ரெஹனா, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

அதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டாராக வந்து கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். முதலில் எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. குருசாமியின் பல்வலி ஊருக்கே தெரிந்தது. அப்புறம் பேச்சியம்மாளின் முறை வந்தது.

பேச்சியம்மாள் எனக்கு அடுத்த வீடு. அவள் புருஷன் சுடலைமுத்து பனிச்சுரங்கத்தில் இறந்துபோனவர். அவர் கிடக்கிற இடத்தையாவது பார்க்க வேண்டும் என்று வந்தவள் இங்கேயே தங்கிவிட்டாள். அவர் கடைசியாக அனுப்பியது தி.வ. என்ற இரண்டே எழுத்து. திரும்பி வருவேன். அதை நினைத்துக்கொண்டுதான் அவள் இவ்வளவு காலமும் சமையல்கூடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தாள். விரிப்பான் சுடலைமுத்துவின் குரலில் வேறு மாதிரி சொன்னது: "தினமும் வலி."

அன்று சாயங்காலம் அவள் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். "யக்கா, அதுக்கு நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? ச.ன்னு போட்டேன். சந்தோஷம்னு. அவரு வலின்னு சொல்லுதாரு, நான் சந்தோஷம்னு சொல்லியிருக்கேன்" என்றாள். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவள் சமையல்கூடத்துக்கு வரவில்லை. கதவைத் தட்டினாலும் திறக்கவில்லை.

"அந்த மெஷினுக்கு நம்மளோடதைக் குடுக்க வேண்டாம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஏன்?"

"பழசைக் கிண்டி என்னத்துக்கு?"

நாற்பது வருஷம் கூட வாழ்ந்த எனக்கு அவர் மழுப்புவது தெரியாதா? தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினால் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். அண்ணனின் குரல் காதுக்குள் கேட்டது: வேண்டாமுக்கும் வே.தான். என்னை இவர் கூப்பிடவே இல்லையோ? வராதே என்று சொன்னவரின் வீட்டில்தான் இத்தனை வருஷமும் விளக்கேற்றிக்கொண்டிருக்கிறேனோ? அதை நினைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அனுப்பினவரோ வாங்கினவரோ யார் கேட்டாலும் விரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லாமல் ரெஹனாவிடம் போனேன்.

அவள் கேட்டுவிட்டு வந்து தயங்கினாள். "அத்தை, இது அவசியமா?"

"போடும்மா."

போட்டாள். நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட பையனின் குரல். தொண்டையில் லேசாகக் கரகரப்பு, அப்படியே அவர்தான். "நலம், நலமறிய ஆவல். வர வேண்டாம். முடியாது. கோமதிநாயகம்."

எனக்கு அழுகை வரவில்லை. ரெஹனா தண்ணீர் கொடுத்தாள்.

"இதுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"அனுப்பினவங்க மனசு இதுக்குத் தெரியாது, அத்தை. அந்த மாசம் ஊர்ல என்ன நடந்துச்சு, மத்தவங்க என்ன எழுதினாங்க, அவர் எங்க வேலை பார்த்தாரு, எல்லாத்தையும் கம்பெனி பதிவுலேர்ந்து எடுத்துச் சேர்த்து, இதுவா இருக்கும்னு சொல்லும். அந்த மாசம் கூட்டுல விரிசல் விட்டிருக்கு. கம்பெனி வெளியே சொல்லலை. ஆனா நிறையப் பேர் வீட்டுக்கு வர வேண்டாம்னு எழுதியிருக்காங்க. அதனால இதையும் அப்படி எடுத்துக்கிச்சு."

"வேற எதுவுமே சொல்லலையா?"

அவள் திரையைப் பார்த்தாள். "நிறையச் சொல்லுது. வர வேண்டும். வண்டி வேலை. வயிறு வேக்காளம். வரட்டும்வே."

அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் ஒருத்தரையொருத்தர் கூப்பிடுகிற வே அது. பொம்பிளை என்றால் ளா. கட்டின பொண்டாட்டியை எவனாவது வே போட்டுக் கூப்பிடுவானா? இந்த மெஷின் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டா பேச்சி கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வீட்டுக்கு நடக்க நடக்க அந்தக் கரகரப்புக் குரல் மட்டும்தான் கூட வந்தது.

அவர் செடித்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னைய வர வேண்டாம்னா எழுதுனீக?" என்றேன்.

தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "மெஷின்கிட்ட போனியா?"

"உங்க குரலே சொல்லிச்சு. வர வேண்டாம், முடியாதுன்னு."

"நான் அப்படி எழுதலை."

"அப்ப வர வேணும்னு எழுதுனீகளா?"

அவர் குவளையை எடுத்து மறுபடியும் தண்ணீர் விடப் போனார். நாற்பது வருஷமாக அவர் பேசாமல் நின்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டவள் நான். இதை என்னால் பொறுக்க முடியவில்லை. "இன்னைக்கு வாயைத் தொறக்கலைன்னா நான் பேச்சி வீட்டுக்குப் போயிருவேன்" என்றேன்.

"வத்தல்" என்றார்.

"என்னது?"

"வத்தல், வேப்பம்பூ."

எனக்குப் புரியவில்லை. அவர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். "நீ நா.வ.ன்னு கேட்டிருந்தே. கப்பல்ல சாமான் ஏத்துத சமயம் அது. நாரத்தங்காய் வத்தல் வேணுமான்னு கேக்கேன்னு நெனச்சேன். சரி, வத்தலை அனுப்பு, அப்படியே வேப்பம்பூவும் வையின்னு எழுதினேன். எட்டு மாசம் ஆனாலும் ரெண்டும் கெட்டுப்போகாதுல்லா."

"நான் வரவான்னு கேட்டிருந்தேன்."

"அது நீ வந்து இறங்குன பொறவுதான் தெரிஞ்சுது."

"பு. பு. பு.ன்னு மூணு தரம் எழுதினேனே?"

"புளின்னு நெனச்சேன். எதுக்கு இம்புட்டுப் புளின்னு கொஞ்சம் யோசனையா இருந்துச்சு. அப்புறம் எட்டு மாசம் ஒங்க அண்ணன் வெறும் ந. மட்டும் அனுப்புனாரு. நீ எம்மேல கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன்."

தள்ளுவண்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கிவிட்டது. புளி மூட்டைக்கு. என்னை இவர் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ரசத்துக்குச் சாமான் கேட்டிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நான் கோடிக்கணக்கான மைல் வந்து, ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டேன்: "இத்தனை வருசத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாம்லா?"

"கதவைத் தொறந்ததும் நீ நின்னே. கூப்பிட்டீகள்லா, வந்துட்டேன்னு சொன்னே. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு வத்தல்னு எப்படிளா சொல்லுதது?" செடியில் காய்ந்த இலையைக் கிள்ளியபடி, "அன்னைக்கு எழுதினது வத்தல்தான். நீ வந்ததுக்கு மறுநாள் எழுதச் சொல்லியிருந்தா வர வேணும்னுதான் எழுதியிருப்பேன்" என்றார்.

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் இரண்டு பேருமாக ரெஹனாவிடம் போனோம். அனுப்பினவரே வந்து சொன்னால் பதிவைத் திருத்தலாம் என்றாள். "சொல்லுங்க மாமா, வ.வே.க்கு என்ன போட?"

"வர வேணும்னு போடும்மா" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

போட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும். மண்டபத்தில் எல்லோரும் கேட்டுவிட்டு, ஆவுடை சொன்னது வாஸ்தவம்தான் என்று தலையாட்டியிருப்பார்கள். ஆனால் அப்படிப் போட்டால் மெஷின் சரியாகச் சொன்னதாகத்தான் ஊர் நினைக்கும். பூட்டிக் கிடக்கிற பேச்சியின் கதவு என் கண்ணுக்குள்ளேயே நின்றது. நாற்பது வருஷப் பெருமையை விட மனசில்லைதான். பொய் சொல்லவில்லை, ரொம்பவே கஷ்டமாக இருந்தது.

"வேண்டாம்" என்று அவர் கையைப் பிடித்தேன். "மெஷின் சொன்னதை மொதல்ல போடு ரெஹனா. அப்புறம் இவுக எந்திரிச்சு வந்து, எழுதினது வத்தல், வேப்பம்பூன்னு உண்மையைச் சொல்லட்டும்."

"எல்லாரும் சிரிப்பாங்க, அத்தை."

"சிரிக்கட்டும்."

"மெஷின் ஏன் வத்தலை யோசிக்கவே இல்லைன்னு இப்பப் புரியுது" என்றாள் ரெஹனா. "கம்பெனி பதிவுல சுரங்கம் இருக்கு, மெஷின் இருக்கு, விபத்து இருக்கு. சமையல்கட்டே கிடையாது. சரி மாமா, அந்த மு.வுக்கு என்ன போட?"

"அதை விட்டுரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

குடியேற்ற நாளன்று பேச்சியின் கதவை உடைக்காத குறையாகத் தட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். எங்கள் முறை வந்தது. "வர வேண்டாம். முடியாது" என்றது இளவயதுக் குரல். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன், ஆனால் இது பூமி இல்லை.

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து மைக்கைப் பிடித்தார். மேடை ஏறிப் பழக்கமில்லாதவர். "மெஷின் தப்பாச் சொல்லுது. நான் எழுதினது வத்தல், வேப்பம்பூ. ரசத்துக்கு. அதைத் தப்பாப் படிச்சுட்டு இவ வந்து சேந்தா" என்றார். பிறகு புளிக் கதையையும் சொன்னார்.

மண்டபம் இடிந்துவிடும்போல் சிரித்தார்கள். குருசாமி பல்செட் கழன்று விழச் சிரித்தார். என் முகம் கொதித்தது. அதற்கு நடுவில் கடைசி வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. பேச்சிதான். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் ஓடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது என் கையைப் பிடித்தாள். "யக்கா, அப்ப அது தப்பாவும் சொல்லுமா?"

"கூடவே கெடந்த எனக்கே தெரியலை. நேத்து வந்த மெஷினுக்கு என்ன தெரியும்?"

"அப்ப எங்க வீட்டுக்காரரு திரும்பி வருவேன்னுகூட..."

"நீ எப்படிப் படிச்சியோ அப்படியே வச்சுக்க" என்றேன். உண்மை எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் பனிக்கு அடியில் கிடக்கிறார். ஆனால் மறுநாள் சமையல்கூடத்துக்கு வருகிறேன் என்று பேச்சி சொன்னாள். எனக்கு அது போதும்.

நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் "என்னக்கா, ரசம் ரெடியா" என்று கேட்டார்கள். இனி நான் சாகிற வரைக்கும் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். எனக்குள் அரித்துக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

"வத்தல், வேப்பம்பூ சரி. பக்கத்துல ஒரு மு. இருந்துச்சே?" என்றேன்.

அவர் நடையை எட்டிப் போட்டார்.

"முறுக்குதான?" என்றேன். எதற்கும் தயாராகத்தான் கேட்டேன். இவ்வளவு போன பிறகு அதுவும் போனால் என்ன? ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டேன்.

அவர் நின்றார். தெருவில் யாராவது இருக்கிறார்களா என்று முன்னும் பின்னும் பார்த்தார்.

"அது மட்டும் நீ படிச்சதுதான்ளா" என்றார்.